பாரம் ஏற்றாமல் போட்ட துளை

மாப்பிள்ளை கைப்பேசியை நீட்டியபோது வெல்டர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். திரையில் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு இரும்புத் தண்டுகள், நான்கு பிராக்கெட், ஒரு பை நிறைய போல்ட்.

"என்ன இது, ஊஞ்சல் கம்பியா?"

"டிராக்‌ஷன் பார் மாமா. ரெடிமேடா வருது. வெல்டிங்கே வேணாம், போல்ட் போட்டு முடுக்கினாப் போதும்னு போட்டிருக்கான்."

"போட்டிருக்கான், போட்டிருக்கான்! வெல்டர் வீட்டுல பொண்ணெடுத்துட்டு இரும்பைக் கடையில வாங்குவீங்களா மாப்பிள்ளை? பார்க்கறவன் என்னைத்தான் கேப்பான், உனக்குக் கை விளங்காமப் போச்சான்னு."

"அதுக்கில்ல மாமா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"பொண்ணையே தூக்கிக் குடுத்தாச்சு. இதுல என்னய்யா புதுசா சிரமம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பட்டறையின் மறுமூலையில் கமான் பட்டைகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் பேச்சில் சிரிப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவளை அந்தப் பட்டறையில் எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வயதில் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ம், நிறுத்துங்க" என்று அப்பாவையே அதட்டியதால் வந்த பெயர். அளவு எடுப்பது மகள், பற்ற வைப்பது அப்பா என்று பதினைந்து வருஷமாக நடந்துவந்தது. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோன பிறகும் காலையில் வந்துவிடுவாள்.

இப்போது அதுவும் முடியப்போகிறது. மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து விதை சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். கல், தூசி, சொத்தை எல்லாம் பிரித்துத் தள்ளி நல்ல விதையை மட்டும் மூட்டையில் கொட்டும் பெரிய இயந்திரம். அதை ஒரு டிரெய்லரில் நிரந்தரமாக ஏற்றி, பழைய பிக்கப் வண்டியில் மாட்டி, மலைப்பக்கத்துப் பண்ணைகளுக்குக் கொண்டுபோவது திட்டம். அங்கே அந்த மாதிரி இயந்திரம் இல்லை. வேலை இருக்கிறது. வீடும் பார்த்தாகிவிட்டது. பேருந்தில் ஒன்றரை நாள் ஆகிற தூரம்.

பிக்கப்புக்கு ஒரு நோய் இருந்தது. டிரெய்லரோடு ஏற்றத்தில் முதல் கியரில் கிளம்பினால் பின்பக்கம் தவளை மாதிரி தவ்வும். பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில், பாரத்தை இழுக்கும்போது தானே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்திருக்கும் கமான் பட்டைகள் பாம்பு போல வளையும், பிறகு படாரென்று நிமிரும். வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து, கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். ஆக்ஸிலிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கு ஒரு வலுவான தண்டைக் கொடுத்துவிட்டால் முறுக்கு நின்றுவிடும். அந்தத் தண்டுதான் டிராக்‌ஷன் பார். பக்கத்துக்கு ஒன்று.

கனத்த குழாயைத் தேர்ந்தெடுத்து வெட்டினார்கள். மகள் அட்டையில் பிராக்கெட் வரைந்து கொடுத்தாள். அவர் தகட்டில் அறுத்தார். மாப்பிள்ளை பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் அதிகம் பேசாத பிள்ளை. பேசினாலும் "சரி மாமா"வில் ஆரம்பித்து "சரி மாமா"வில் முடிப்பார்.

"இவரு கல்யாணத்தன்னிக்கே 'சரி'ன்னு ஒரு தடவைதான் சொன்னாரு. அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல" என்பாள் மகள்.

ஐந்து நாளில் தண்டு இரண்டும் தயார். பாக்கி இருந்தது சேஸ் பக்கம் ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு துளை.

அந்தத் துளைக்கு வெல்டரின் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. வண்டி எந்தப் பாரத்தை இழுக்கப்போகிறதோ அந்தப் பாரத்தோடு வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் கடைசித் துளை. பாரம் ஏறினால் கமான் பட்டை படியும், ஆக்ஸில் கொஞ்சம் பின்னால் நகரும். வெறும் வண்டியில் அளந்து துளை போட்டால், பாரம் ஏறியதும் தண்டு இழுபட்டு விறைத்து நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் பிராக்கெட்டைப் பிய்க்கும். இதை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வார். வெறும் வண்டியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருமுறை ஜெனரேட்டர் வாடகைக்காரர் ஒருவர், ஜெனரேட்டரை வேறெங்கோ ஓடவிட்டு, தன் மனைவியின் தம்பிகள் ஐந்து பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "இதைவிடப் பெரிய பாரம் எனக்கு ஏது? போடுங்க துளையை" என்றார். அவரையும் திருப்பி அனுப்பினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வெல்டர் போல்ட் வாங்கக் கடைக்குப் போனவர், வழக்கமான வழியை விட்டு மகள் வீட்டுத் தெரு வழியாகத் திரும்பினார். வாசலில் டிரெய்லர் நின்றது. இயந்திரத்தின் முன்பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் கட்டில், பீரோ, பாத்திரப் பெட்டி எல்லாம் ஏறியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, நான்கு காலும் வானத்தைப் பார்க்க, இரும்புச் சட்டத்தில் பலகை போட்ட மேசை. அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அவர் செய்தது. உயரம் பத்தாமல் போகப் போக மூன்று தடவை காலை நீட்டிப் பற்ற வைத்திருந்தார். மூன்று இடத்திலும் பற்றவைத்த தழும்பு வெளியே தெரிந்தது.

அவர் உள்ளே போகவில்லை.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். மகள் வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, டிரெய்லரை மாட்டிட்டு வந்துரட்டுமா? பாரம் எல்லாம் ஏத்தியாச்சு."

வெல்டர் துளையிடும் இயந்திரத்துக்கு அலகு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வேணாம். வண்டி மட்டும் போதும்."

"வெறும் வண்டியா மாமா? நீங்கதான் எப்பவும்..."

"எப்பவும் சொல்றது கண்டவனுக்கு. எனக்குக் கண்ணளவு போதும். எத்தனை வண்டி பார்த்திருக்கேன்? இவ்வளவு பாரத்துக்கு இவ்வளவு இறங்கும்னு எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் நின்றார். "சரி மாமா" என்றார்.

அந்த மேசையோடு டிரெய்லர் தன் பட்டறைக்குள் நுழைவதைப் பார்க்க வெல்டருக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை மாப்பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் வரவில்லை. கண்ணளவு என்று சொல்லிவிட்டார். இவ்வளவு இறங்கும் என்று நினைத்து, அதற்கு இவ்வளவு தள்ளி என்று குறித்து, துளையைப் போட்டார். பத்து நிமிஷ வேலை.

மத்தியானம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, பாரத்தோடதானே போட்டீங்க?"

"ம்."

"அளவு எழுதி வெச்சீங்களா?"

"வெச்சிருக்கேன், வெச்சிருக்கேன். நீ போய் மூட்டையைக் கட்டு."

திங்கட்கிழமை காலை அவர்கள் பிக்கப்பில் வந்து சொல்லிக்கொண்டார்கள். மகள் குனிந்து தண்டைத் தொட்டுப் பார்த்து, "அழகா இருக்குப்பா" என்றாள். டிரெய்லர் மாட்டிக் கிளம்புவதைப் பார்க்க அவர் மனைவிதான் போனார். "எனக்கு அவசர வேலை இருக்கு" என்று வெல்டர் பட்டறையிலேயே இருந்துவிட்டார். அன்று அவசர வேலை எதுவும் இல்லை. பழைய போல்ட்களை அளவுவாரியாக டப்பாக்களில் பிரித்துப் போட்டார்.

நாலாம் நாள் செய்தி வந்தது. மலையேற்றத்தில் ஒரு பக்கத்துப் பார் பிய்ந்து விழுந்து, பின் பிரேக் குழாயையும் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. வண்டி டிரெய்லரோடு பின்னால் நழுவியது. மகள் உள்ளே உட்கார்ந்து கை பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை குதித்து ஓடிச் சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளியிருக்கிறார். வண்டி நின்றது. அவருடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன.

மனைவி சொல்லி முடிக்கும்வரை வெல்டர் நின்றுகொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம் பிஞ்சுதாம்? ஆக்ஸில் பக்கமா, சேஸ் பக்கமா?"

"அந்தப் பிள்ளைக்கு விரல் போயிருக்குங்கறேன், நீங்க பக்கம் கேக்கறீங்க!"

சேஸ் பக்கம்தான். பதில் வராமலேயே அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இப்போது வேண்டாம் என்று தள்ளினார். வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போதுதான் தேறுகிறார் என்று தள்ளினார். போனில் மாப்பிள்ளையிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "பரவாயில்ல மாமா" என்று பதில் வந்தது. துளையைப் பற்றி மாப்பிள்ளை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்காதது வெல்டருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியே அவரை உறுத்தியது.

ஆறு வாரம் கழித்து ஒருநாள், துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னார்.

"மேஸ்திரி இங்கயே வந்துரட்டுமான்னு கேக்கறா."

"எதுக்கு?"

"அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே சரியில்ல. மலை ஏறுறதுக்கு முன்னாடி யாரோ பண்ணைக்காரர் கேட்டாருன்னு எட்டு மூட்டை ஏத்தினானாம் அவன். 'அப்பா பாரத்தோட நிறுத்தி அளந்து போட்ட பார் அது, அதுக்கு மேல மூட்டையை ஏத்தினா எப்படித் தாங்கும், அறிவு வேணாமா'ங்கறா. அவனும் ஆமா என் தப்புதான், என் தப்புதான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறானாம். 'என்னை உள்ள வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணவர்கூட எப்படிம்மா வண்டியில ஏறுறது'ன்னு அழறா." மடித்த துணியை வைத்தார். "நான்தான் சொன்னேன், கொஞ்ச நாள் வந்து இரு, மனசு ஆறட்டும்னு. மேல் ரூமைக் கூட்டி வெச்சிருக்கேன்."

வெல்டர் மாடிக்குப் போனார். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், அவர்கள் தன்னோடு இருப்பார்கள் என்று நினைத்து எடுத்த அறை. ஜன்னல் திறந்திருந்தது, தரை ஈரமாக இருந்தது. மகள் இனிமேல் காலையில் இந்தப் படியில் இறங்கி வருவாள், நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் நெஞ்சு நிறைந்தது. சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மகள் தானாக வந்துவிடுவாள். அது புரிந்ததும் அவர் ஜன்னலைச் சாத்தினார்.

கீழே இறங்கி வந்து மனைவியின் எதிரில் நின்றார்.

"அவ வர வேணாம்."

"என்னங்க பேசறீங்க?"

"நான் வெறும் வண்டியிலதான் துளை போட்டேன். பாரம் இல்லாம. அவன் டிரெய்லரைக் கொண்டு வரேன்னான். நான்தான் வேணாம்னேன்."

மனைவி கையிலிருந்த சட்டை மடியில் விழுந்தது.

"ஊரெல்லாம் கூப்பிட்டு வெச்சுப் பாடம் நடத்தினீங்களே. சொந்தப் பொண்ணுக்கு மட்டும் என்ன வந்தது?"

அவர் சுவரோரம் உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"பக்கத்துல நின்னான்."

"அப்போ தெரிஞ்சேதான் தலையில போட்டுக்கிட்டானா?" மனைவி எழுந்துவிட்டார். "போய்ச் சொல்லுங்க. போன்ல வேணாம். அவ மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் ஏறி, வழியில் ஓர் ஊரில் இரவு தங்கி, அடுத்த நாள் முற்பகலில் போய் இறங்கினார். பண்ணைக் கொட்டகையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பயறு சலசலவென்று இறங்க, தூசி வெயிலில் மிதந்தது. மாப்பிள்ளை மூட்டையின் வாயை முழங்கையால் அணைத்து, வலது கையால் கட்டிக்கொண்டிருந்தார். வெல்டரைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"வாங்க மாமா! சொல்லவே இல்லையே? அத்தை வரலையா?"

வெல்டர் அந்தக் கையைப் பார்த்தார். கட்டுப் பிரித்தாகிவிட்டது. இரண்டு விரல் இருந்த இடத்தில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது.

"அவ எங்க?"

மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "மாமா, வேணாம். அவளுக்கு நீங்கன்னா ஒரு இது. அது அப்படியே இருக்கட்டும். எனக்குப் பழகிருச்சு."

"எது பழகிருச்சு? விரல் இல்லாததா, பொண்டாட்டி பேசாததா?"

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "மூட்டை ஏத்தினது நிஜம்தானே மாமா. அதுவும் சேர்ந்துதான்..."

"எட்டு மூட்டைக்கு நான் ஒழுங்கா அளந்து போட்ட பார் பிய்யாது. பிஞ்சா அது என் பார் இல்ல."

மகள் கொட்டகைக்குப் பின்னால் சலித்த விதையை எடை போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது.

"நான் அன்னிக்குப் பாரத்தோட போடல. வெறும் வண்டியில கண்ணளவுல போட்டேன்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. "எந்த வண்டிப்பா?"

"உங்க வண்டி."

தராசு முள் ஆடி நின்றது.

"நான் போன்ல கேட்டேனே."

"கேட்ட."

"'ம்'னீங்க."

"சொன்னேன்."

"எதுக்குப்பா?"

வழியெல்லாம் அவர் இதற்கு என்னென்னவோ பதில் யோசித்திருந்தார். வாயில் வந்தது வேறு. "டிரெய்லர்ல உன் மேசை இருந்துச்சு" என்றார். "அதை நான் கண்ணால பார்க்கணுமேன்னு..."

மகள் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒரு மேசையைப் பார்க்க முடியல உங்களால. அவரு தன் விரலைக் கீழ தேடினாருப்பா. நான் பார்த்தேன்." குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். "ஒன்றரை மாசம். ஆஸ்பத்திரியிலயே திட்டினேன். மூட்டை கொண்டு வர்ற ஆளுங்க முன்னாடி வெச்சு அறிவுகெட்டவர்னேன். உங்களை வெச்சுத்தான் அவரை அளந்தேன், எங்கப்பா மாதிரி உங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டான்னு கேட்டேன். கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தாரு. நீங்களும் சும்மா இருந்தீங்க."

"வண்டியை நான் சரி பண்ணித் தரேம்மா. இங்கயே ரெண்டு நாள் தங்கி, பாரத்தோட நிறுத்தி..."

"எங்க வண்டியில இனிமே கை வைக்காதீங்க."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனாள். வெல்டர் வெளியே தராசின் பக்கத்தில் நின்றார். பலகைச் சுவர்தான், உள்ளே பேசுவது கேட்டது.

"ஏன் சொல்லல? வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

மாப்பிள்ளை ஏதோ முணுமுணுத்தார்.

"அவரை நான் வெறுத்துடுவேன்னா? அதுக்காக உங்களை வெறுத்தாப் பரவாயில்லையா? எந்த ஊரு கணக்கு இது?"

"நீ என்னைத் திட்டினாலும் கூட இருப்பேன்னு நெனச்சேன். உங்கப்பாவைத் திட்டினா நீ அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே மாட்டேன்னு..."

அவள் அழுதாள். அழுகையின் நடுவே, "இப்படிக் காட்டுங்க. வலிக்குதா? குளிர்ல வலிக்கும்னு டாக்டர் சொன்னாரே, ஏன் உறை போடல?" என்று கேட்டாள். அது மனைவி கணவனை அதட்டும் குரல். வெல்டர் அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். கேட்டதும் சுவரை விட்டு விலகிப் போய்த் தள்ளி நின்றுகொண்டார்.

மத்தியானம் மூவரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாப்பிள்ளைதான் வலுக்கட்டாயமாக உட்கார வைத்தார். மகள் அப்பாவுக்கும் பரிமாறினாள், குறைவில்லாமல் பரிமாறினாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை இரண்டு மூன்று முறை ஏதேதோ பேச்சை ஆரம்பித்து வைத்தார். தண்ணீர் டம்ளரை அவர் இடது கையால் எடுக்கப்போக, மகள் அதை நகர்த்தி வலப்பக்கம் வைத்தாள்.

"ராத்திரி தங்கிட்டுப் போங்க மாமா."

வெல்டர் மகளைப் பார்த்தார்.

"பஸ் நாலரைக்கு" என்றாள் அவள், தட்டுகளை எடுத்துக்கொண்டே.

மாப்பிள்ளை பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தார். வெல்டர் வழியில் நின்று, "என்னை மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை" என்றார். "சரி மாமா" என்றார் அவர், எப்போதும் போல.

பேருந்து மலையிறங்கத் தொடங்கியதும் மனைவி போன் செய்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"பஸ் நாலரைக்குன்னா."

"உங்ககூட அதுக்கப்புறம் பேசவே இல்லையா?"

"இல்ல."

"அவன்கூட?"

"பேசறா" என்றார் வெல்டர். "நல்லாப் பேசறா." பேருந்து இரைச்சலில் கேட்கவில்லை என்பதுபோல் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.